முடிச்சூர் கருவாடும் முதலை ஆறும்

டார்வின் ஏர்போர்ட்டில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி அம்மாள் நல்ல மாதிரி. கையுறை போட்டுக்கொண்டு, நான் நாலு கவருக்குள் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூணாவது கவர் வரைக்கும் சிரித்த முகம். நாலாவது கவர் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்து வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

"இது என்ன?"

"ஃபிஷ். டிரை. மதர்" என்றேன். எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஒன்பதாவது பாதியோடு படிப்பு நின்றுபோனது.

அவர் ஒரு நெத்திலியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் சுற்றியிருந்ததை விட நன்றாகச் சுற்றி, டேப் ஒட்டி, என் கையிலேயே கொடுத்துப் போகச் சொன்னார். எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோக்காரர்கூட மீன் கூடையைப் பார்த்தால் நிறுத்தாமல் போவார்.

அது அம்மா கடைசியாகக் காய வைத்த கருவாடு. முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடியில் பழைய வலையைப் போட்டு மூடிக் காய வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து கூடையை இறக்கினாள். "மலரு, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடீ, தண்ணி குடு" என்றாள். நான் பாட்டிலைத் திறப்பதற்குள் சாய்ந்துவிட்டாள். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போனவர். அந்தக் கருவாட்டை யார் நினைத்தார்கள்? பக்கத்துக் கடை செல்வி அக்காதான் சாவு வீட்டு நெரிசலில் மாடிக்கு ஏறி, வாரி எடுத்து டப்பாவில் போட்டு வைத்தாள்.

என் கூடப் பிறந்த கலாக்கா சாவுக்கு வரவில்லை. அவள் டார்வினில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்த நர்ஸ் படிப்பு. விசா காகிதம் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது, அப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அம்மாவைத் தூக்கும்போது நான் வீடியோ கால் போட்டேன். அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் கால் கட் ஆனது. நெட் போனதா, அவளே வைத்தாளா தெரியவில்லை.

விசா வந்ததும் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். "நீ இங்க வா. ஒரு மாசம் இரு. ஊர் சுத்தலாம்" என்றாள்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. கலாக்காவும் நானும் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும், அந்தக் கருவாட்டைச் சேர்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வந்து ஒரு வாரம் ஆகியும் "அம்மா" என்கிற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. "அங்க", "அப்போ", "அது நடந்தப்ப" என்றுதான் பேச்சு. நான் ஆரம்பித்தால் எழுந்துபோய்த் துணி மடிப்பாள். எனக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. தொண்டையில் சின்ன முள் சிக்கினால் இருக்குமே, அப்படி. சோற்று உருண்டை விழுங்கியும் போகாத முள்.

கேரவனில் போகிறோம் என்று போனில் சொன்னபோது செல்வி அக்கா ஒரே சிரிப்பு.

"கேரவனா? அதுல ஹீரோயினுங்கோதான ஏறுவாளுங்கோ? நீ இன்னாத்துக்குடீ? மேக்கப்பு போடப் போறியா?"

"அந்தக் கேரவன் இல்லக்கா. கார் பின்னாடி இழுத்துகினு போற வூடு."

"வூட்ட எவனாச்சும் இழுத்துகினு போவானா? சரி கேளு. வருசம் திரும்பல. மலை ஏறாத. போட்டுல கால் வெக்காத. சொல்ட்டேன்."

கேரவன் என்பது நிஜமாகவே ஒரு வீடுதான். அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், கைகழுவும் தொட்டி எல்லாம் பொம்மைக் கல்யாணத்துக்கு வைத்த மாதிரி குட்டி குட்டியாக இருந்தன. கலாக்கா வீட்டுக்காரர் பாஸ்கர் மாமா வாடகைக்கு எடுத்திருந்தார். மாமாவுக்கு ராஜகீழ்ப்பாக்கம். அங்கே சிக்னலில் பைக் ஓட்டிப் பழகினவனுக்கு உலகத்தில் எந்த ரோடும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டே, கேரவனை ரிவர்ஸ் எடுத்துப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைச் சாய்த்தார்.

"ஸ்டியரிங்க இந்தப் பக்கம் திருப்புனா அது அந்தப் பக்கம் போவுது மலரு. உங்க அக்கா மாதிரியே."

கலாக்கா அவரைப் பார்த்த பார்வையில் மாமா இறங்கிப்போய்த் தொட்டியை நிமிர்த்தினார்.

முதல் நாள் முழுக்க ரோடு. ஒரே ரோடு. ஜி.எஸ்.டி ரோட்டில் தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர் போவதற்குள் எத்தனை முகம் பார்ப்போம்? இங்கே மதியம் வரைக்கும் நான் பார்த்தது நாலு லாரி. ஒவ்வொன்றும் மூணு பெட்டி கோர்த்த லாரி, ரயில் மாதிரி. அது எதிரில் வந்தால் காற்று அடித்து எங்கள் வீடே ஆடியது. மண் செம்பருத்தி நிறம். மரங்கள் எல்லாம் வெயிலில் நின்று நின்று இளைத்துப்போன மாதிரி.

புற்றுதான் கண்ணை விட்டு அகலவில்லை. ஆள் உயரத்துக்கு, ஆளைவிடப் பெரிதாக, வழி நெடுகக் கரையான் புற்று. "நம்ம ஊரா இருந்தா இதுல ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார் மாமா. "மஞ்சத்துணி கட்டி, பால் ஊத்தி, ரோட்டோரமா ஒரு ஷெட்டு போட்டு, ஆடி மாசம் கூழு ஊத்தியிருப்பாங்க." இங்கே ஒரு புற்றுக்கு யாரோ பனியன் மாட்டி, தொப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஜன்னல் வழியாக அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

சாப்பிட நிறுத்தியபோது கேரவன் கதவைத் திறந்த கலாக்கா அப்படியே நின்றுவிட்டாள். வழியெல்லாம் மாமா பசியில் "இட்லி, இட்லி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இட்லி மாவுதான். வீட்டில் அரைத்து வாளியில் வைத்துக் கொண்டுவந்தது. உள்ளே அடித்த சூட்டில் பொங்கி, மூடியைத் தள்ளி, ஃப்ரிட்ஜ் சந்து, கட்டில் அடி, செருப்பு எல்லாவற்றுக்குள்ளும் புகுந்திருந்தது. கிளம்பும்போது வாளியை ஃப்ரிட்ஜுக்குள் வைக்க மறந்திருந்தோம்.

"போச்சு. வாடகை வண்டி. நாறிடும்" என்றாள் கலாக்கா.

மூணு பேரும் முட்டி போட்டு வழித்தோம். மாமா மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "பதமாதான் பொங்கியிருக்கு" என்றார். அப்போதுகூட அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உன் பையில இருக்குதே, அது உள்ள அடுப்புல ஏறவே கூடாது. இந்த சிங்குலயும் கழுவக் கூடாது. புரியுதா?"

"அது" என்றாள். கருவாடு என்றுகூடச் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு பைன் கிரீக் என்ற சின்ன ஊரில் ஒரு கடை. "பாரமுண்டின்னு ஒரு மீன், இங்க ரொம்ப ஃபேமஸ்" என்று மாமா வாங்கித் தந்தார். தோல் இல்லை, முள் இல்லை, தலை இல்லை. மாவில் முக்கிப் பொரித்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு. ஒரு வாய் வைத்தேன்.

"மாமா, இது கொடுவா."

"இல்லம்மா, பாரமுண்டி."

"கொடுவா மாமா. நான் மீன் விக்கிறவ. எனக்குத் தெரியாதா? சப்புனு பண்ணி வெச்சுக்கீறாங்க, ஆனா கொடுவா. தலை எங்கன்னு கேளுங்க."

மாமா நெளிந்துகொண்டே போய்க் கடைக்கார அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என்னையே பார்த்தார். மாமா மொழிபெயர்த்தார். "தலையா? நண்டுக் கூண்டுல இரையாப் போட்டுடுவோம்ங்கிறாங்க."

கொடுவாத் தலையை! எங்கள் கடையில் அதற்குச் சண்டையே நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கத்து டீச்சர் ஒருத்தரும் ஒரு பேங்க் ஆபிசரும் ஒரே தலைக்கு மல்லுக்கு நின்றார்கள். அம்மா நடுவில் கத்தியை வைத்துத் தலையை நேராக இரண்டாகப் பிளந்து, "இந்தா, ஆளுக்கு ஒரு கண்ணு, போய்க்கினே இருங்க" என்றாள். இதைச் சொன்னபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கலாக்கா தட்டில் இருந்த கிழங்கை எண்ணெய் போக டிஷ்யூவில் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

"கலாக்கா, உனக்கு ஞாபகம் கீதா? அம்மா காலைல கூவுமே..."

"வெயில் ஏறுது. கிளம்பலாம்" என்றாள்.

அம்மாவின் கூவல் தாம்பரம் மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும். "வஞ்சரம், சங்கரா, நெத்திலியே...ய்! வாம்மா, கடலு இப்பதான் குட்த்துச்சு!" அந்த "குட்த்துச்சு" ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் கேட்கும். காரில் நான் அதை மனசுக்குள் கூவிக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் கேத்தரின் என்ற ஊர் வந்தது. அங்கே ஆற்றங்கரை பக்கமாகக் கேரவன்கள் நிறுத்தும் மைதானம். வரிசையாக வண்டிகள், வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி, நாற்காலியில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள். ரிட்டையர் ஆனதும் வீட்டை விற்றுவிட்டு வருஷக்கணக்கில் இப்படியே சுற்றுவார்களாம். நம்மூரில் ரிட்டையர் ஆனால் மாடி கட்டுவார்கள். பக்கத்து வண்டியில் டெபி என்று ஒரு அம்மா இருந்தார். குட்டை முடி, குட்டைக் கால்சட்டை, அவரைவிடக் குண்டான ஒரு நாய். வந்ததும் வராததுமாக எங்களுக்குப் பெரிய வாழைப்பழ கேக்கைத் துண்டு போட்டுக் கொடுத்தார்.

அன்று அமாவாசை. கேலண்டர் பார்க்க வேண்டியதில்லை, மீன்காரிக்கு அமாவாசை தெரியும், அன்றைக்கு வியாபாரம் இருக்காது. ஆனால் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் படைப்போம், மீனை விரும்பிச் சாப்பிட்டவர்களுக்கு மீன். இன்றைக்கே கருவாட்டைச் சமைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மாமா வெளியே கேஸ் அடுப்பு வைத்துத் தந்தார். கலாக்கா உள்ளே படுத்திருந்தாள்.

பாதிக் கருவாட்டை ஒரு கிண்ணத்தில் எடுத்தேன். நெத்திலியில் மணல் இருக்கும். தலை கிள்ளி, நாலு தண்ணியில் அலச வேண்டும். வண்டி சிங்கில் கூடாது. மைதானத்தில் பொதுவாகப் பாத்திரம் கழுவ ஒரு இடம் இருந்தது. அங்கே டெபி அம்மா கண்ணாடி டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கேக் கொடுத்த மனுஷி பக்கத்தில் போய்க் கருவாடு கழுவ எனக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர் என்றால் என்ன செய்வோம்? வீட்டை விட்டுத் தள்ளிப்போய், ஓடுகிற தண்ணியில் கழுவுவோம். கழிவறைக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை ஆற்றுக்கு இறங்கியது. இறங்கினேன்.

அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. பச்சையாக, சத்தமே இல்லாமல். சாயங்கால வெயில் எதிர்க்கரை மரங்களின் மேல் மட்டும் இருந்தது. தண்ணீர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாகக் கிள்ளி ஆற்றில் போட்டேன். சின்ன மீன்கள் வந்து கொத்தின. "சாப்பிடுங்க, உங்க சொந்தக்காரங்கதான்" என்றேன். ரொம்ப நாள் கழித்து மனசு லேசாக இருந்தது. அம்மாவும் நானும் வீட்டுப் பின்பக்கம் இப்படித்தான் எதிரெதிரே உட்கார்ந்து தலை கிள்ளுவோம். பேச்சே இருக்காது.

திடீரென்று சின்ன மீன்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன.

மேலே இருந்து ஒரு சத்தம். டெபி அம்மா. என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை, அந்தக் குரல் மட்டும் புரிந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பாதையில் செருப்பு இல்லாமல் கலாக்கா ஓடிவந்தாள். வந்த வேகத்தில் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நான் மல்லாந்து விழுந்தேன். இழுத்தபடியே மேட்டில் ஏற்றினாள், கல்லும் முள்ளும் முதுகில் கீறின. மேலே போய்த்தான் விட்டாள். விட்டதும் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"முதலடீ! முதலை இருக்குற ஆறுடீ! கரைல நின்னு மீன் கழுவுற! அறிவு கீதா உனக்கு?"

கீழே கிண்ணம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு அங்கே கிண்ணம் இல்லை. அதுவாக முழுகியதா, எதுவாவது இழுத்ததா, இன்றுவரைக்கும் தெரியாது.

கலாக்கா இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே என் தலையில் இறங்கியது. என்னை இறுக்கிக்கொண்டாள்.

"உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கடீ போவேன்? எனக்கு யாருடீ கீறாங்க அங்க? எங்க போய் நிப்பேன் நானு?"

அழுதாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. அன்றைக்கு முடிச்சூர் வீட்டு வாசலில் அம்மா பிறந்த குப்பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதார்களே, அந்த அழுகை. மூச்சு இழுத்து, உடம்பு ஆடி. இத்தனை மாசமாக வராதது மொத்தமாக வந்தது. நாற்காலித் தாத்தாக்கள் எழுந்து நின்றார்கள். டெபி அம்மா ஓடிவந்து கலாக்காவின் முதுகைத் தடவினார். நாய் குரைத்தது. கலாக்காவின் காலில் ரத்தம் வந்துகொண்டிருந்ததை மாமாதான் பார்த்தார்.

இருட்டத் தொடங்கியதும் கேரவன் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மாமா அவள் காலில் பேண்டேஜ் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு டியூட்டில இருந்தேன்" என்றாள். "ஒரு பெரியவருக்கு சோறு ஊட்டிகினு இருந்தேன். பாத்ரூமுல போய் நின்னு உன் வீடியோ கால எடுத்தேன். வெளியில மணி அடிக்கிறாங்க, சிஸ்டர், சிஸ்டர்ங்கிறாங்க. நீங்க தூக்கிட்டீங்க. நான் அழுதா வேலைக்குத் திரும்பிப் போவ முடியாதுடீ. அதான் வெச்சிட்டேன். மூஞ்சி கழுவிகினு போய் மீதிச் சோத்த ஊட்டுனேன். அப்புறம் அழலாம்னு இருந்தேன். அப்புறம் வரவே இல்ல."

அவள் பேண்டேஜைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஆத்துல போச்சா?"

"பாதி பையில கீதுக்கா."

எழுந்தாள். நொண்டிக்கொண்டே உள்ளே போய்த் தக்காளி, பூண்டு, மிளகாய்த் தூள் எடுத்துவந்தாள். கருவாட்டை வண்டி சிங்கிலேயே கழுவினாள். "நாறும்க்கா" என்றேன். "நாறட்டும்" என்றாள். வெளி அடுப்பில் எண்ணெய் காய்ந்து அது விழுந்ததும் எழுந்த வாசனை மைதானம் முழுக்கப் போனது. ஒருத்தர் நாற்காலியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். டெபி அம்மா மட்டும் நான் நன்றாக இருக்கிறேனா என்று பார்க்க வந்தார். மாமா ஒரு ஸ்பூன் கொடுத்தார். அவர் மென்றார், முழுங்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது. "ருசி பலமாக இருக்கிறது" என்றாராம். நாய்க்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்.

முதல் கவளத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, கலாக்கா தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். விரலை நக்கினாள். பொதுவாக நர்ஸ் ஆன பிறகு அவள் ஸ்பூனில்தான் சாப்பிடுவாள்.

அப்போதும் "அம்மா" என்கிற அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. இனிமேல் வராவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

காலையில் படகு. ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகிற இடத்தில் படகில் கூட்டிப்போவார்கள். படகுத் துறையில் நான் நின்றுவிட்டேன். செல்வி அக்கா சொன்னது காதில் இருந்தது. அதைவிட, அம்மா இருந்தாள்.

எங்கள் அம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அப்பன், அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் மட்டும் வாழ்நாளில் போட்டில் ஏறியதில்லை. அவர்கள் பக்கத்தில் பெண் போட்டில் கால் வைக்க மாட்டாள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரே முழுகிக் கிடந்தபோது, ஆட்களை ஏற்றத் தெருவுக்குள் போட்டு வந்தது. வந்தது யாருடையது? எங்கள் தாய்மாமனுடையது. எங்கள் மாடிச் சுவரை ஒட்டி நிறுத்தி, "ஏறுக்கா, ஏறு" என்று கத்துகிறார். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் ஏறி, நாளைக்கி நீ கடலுக்குப் போயி ஒண்ணு ஆச்சுன்னா? போடா. புள்ளத்தாச்சிங்கள ஏத்து, போ." அவர் தெருவில் இருந்த மற்றவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் தண்ணீர் வடிகிற வரைக்கும் மாடியிலேயே கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டோம்.

"அம்மா ஏறாதுக்கா" என்றேன்.

கலாக்கா ஆற்றைப் பார்த்தாள். படகு தட்டையாக, மேலே கூரை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளோடு இருந்தது. பார்க்கத் தாம்பரம் பஸ் மாதிரிதான் இருந்தது.

"இது மீன் புடிக்கிற போட்டு இல்லல்ல" என்றாள். "வலை கீதா பாரு. இல்ல. இது பஸ்ஸு. ஏறு."

வலது காலை வைத்து ஏறினேன். படகு லேசாக ஆடியது, கடல் ஒன்றும் சொல்லவில்லை. அது ரொம்ப தூரத்தில் இருந்தது.

இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக ஏறியது. சிவப்பு, மஞ்சள், கருப்பு. வஞ்சரத்தைத் துண்டு போட்ட மாதிரி நேர் வெட்டு. நடுவில் எங்கள் படகு ஓசையில்லாமல் போனது. ஒரு மணல் திட்டில் ஒல்லி மூக்கு முதலை ஒன்று வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. "இது ஒன்றும் செய்யாது, பெரிய மூக்கு உள்ளதுதான் ஆபத்து" என்றார் படகுக்காரர். கலாக்கா என் பக்கம் திரும்பி முறைத்தாள். நான் முதலையைப் பார்த்துக்கொண்டேன்.

படகுக்காரர் அந்த மண்ணின் பழங்குடி ஆள், என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். ஒரு இடத்தில் பாறைகள் வழியை மறித்தன. இறங்கி, கல்லில் நடந்து, அந்தப் பக்கம் வேறு படகில் ஏற வேண்டும். நடக்கிற வழியில் பாறை மேல் பழைய சித்திரங்கள். ஏறியதும் அவர் சொன்னதை மாமா காதோரம் மொழிபெயர்த்தார்.

"இந்தப் படகை முன்னே அவங்க சித்தப்பா ஓட்டுனாராம். போன வருஷம் தவறிட்டாராம். அவர் பேரை இவங்க சொல்ல மாட்டாங்களாம். செத்தவங்க பேரை ரொம்ப நாளைக்கு வாயில எடுக்கிறதில்லையாம். அது மரியாதையாம்."

எங்கள் பக்கம் செத்தவர் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். பேர் சொல்லாவிட்டால், என்ன பிள்ளை இது என்பார்கள். நான் கலாக்காவைப் பார்த்தேன். அவள் படகுக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறைகள் ரொம்ப நெருங்கி வந்த இடத்தில் அவர் என்ஜினை நிறுத்தினார். அப்படி ஒரு அமைதி. "இங்கே குரல் கொடுத்தால் பாறை பதில் சொல்லும். யார் கத்துகிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு தாத்தா "ஹலோ" என்றார். ஹலோ வந்தது. ஒரு அம்மா தன் நாயின் பேரைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். படகுக்காரர் என்னைக் கை காட்டினார்.

எனக்குக் கத்தத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்துதான் சாப்பிடுகிறேன். எழுந்து நின்று, அடிவயிற்றில் இருந்து எடுத்தேன்.

"வஞ்சரம், சங்கரா, நெத்திலியே...ய்! வாம்மா, கடலு இப்பதான் குட்த்துச்சு!"

குரல் போய் எதிர்ப்பாறையில் இடித்து, இந்தப் பாறைக்கு வந்து, மேலே ஏறித் திரும்பி வந்தது. போனது என் குரல். வரும்போது கொஞ்சம் தடித்து, கரகரப்பாக வந்தது. "குட்த்துச்சு... த்துச்சு..."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கலாக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

இன்னொரு வாட்டி கூவினேன். அது அடங்குகிற வரைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

படகுக்காரர் என்ஜின் சாவியில் கை வைத்தபடி, அது என்ன பாட்டு என்று கேட்டார். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். கலாக்கா முந்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்.

"பாட்டு இல்லைங்க. எங்க அம்மா. மீன் விக்கிறாங்க."

அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கே புரிந்தது.